"பூங்கா வேண்டுமா?" என்று மீனவரிடம் கேட்காதீர்கள்

கேள்வி: சேலத்தில் முதுகலை விலங்கியல் படிக்கிறேன். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா பற்றி நாட்டுப்படகு மீனவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதே என் ஆய்வு. 25 கேள்விகளோடு படிவம் தயார், முதல் கேள்வி, "பூங்காவை ஆதரிக்கிறீர்களா?" நேராக ராமநாதபுரம் கிளம்பலாமா?

பதில்: முதலில் கேட்டுப் பழக மேட்டூர் போங்கள். அதற்கும் முன்னால் அந்த முதல் கேள்வியை அடித்துவிடுங்கள். அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: மீன் வளத்தைக் காக்க வேண்டுமா, தீவை ஒட்டிப் போகக்கூடாது என்ற விதி சரியா, அதைச் செயல்படுத்துகிறவர்கள் நியாயமாக நடக்கிறார்களா. முதலாவதற்கு "ஆமா", மூன்றாவதற்கு "இல்லை" என்று சொல்பவரை எந்தக் கட்டத்தில் டிக் செய்வீர்கள்?

1986-ல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காவில் 21 தீவுகளும் சுற்றுக் கடலுமாக சுமார் 560 சதுர கிலோமீட்டர் அடக்கம். தீவோரப் பவளப்பாறைதான் வத்தை எனும் சின்ன நாட்டுப்படகுக்குக் கைக்கெட்டும் மீன்பிடி இடமும். விசைப்படகு ஆழ்கடலுக்குப் போய்விடும், வத்தை போக முடியாது. விதி ஒன்றுதான், சுமை ஒன்றல்ல. அதனால் நண்டு வலை, செவுள் வலை, கரைவலை என்று தொழில்வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 15 பேரையாவது பாருங்கள்.

பாசி எடுக்கும் பெண்கள் தனிப் பிரிவு. கண்ணுக்குக் கண்ணாடி, காலில் அலுமினியத் தட்டு, விரலில் துணிச்சுற்று. அப்படியே மூழ்கி மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்ற கடற்பாசிகளைப் பறிக்கிறவர்கள். தீவுக் கட்டுப்பாடு நேராக இவர்கள் கூலியில் விழுகிறது. படகு உரிமையாளர் பட்டியலை வைத்து ஆள் தேடினால் இவர்களில் ஒருவர்கூட அகப்படமாட்டார். பல ஆய்வுகள் கோணலாவது இங்கேதான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம் விசைப்படகுக்கு. அப்போது நாட்டுப்படகு மீனுக்கு நல்ல விலை. அதை வரவேற்பவரைப் பூங்காவையும் வரவேற்பவராக எண்ணிவிடாதீர்கள்.

"முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்" முதலான ஐந்து கட்ட அளவுகோல் கரையில் எடுபடாது. வந்த பிள்ளையின் மனம் நோகக்கூடாதென்று எல்லாவற்றுக்கும் "நல்லதுதான்" என்பார்கள். பதிலாக 10 புளியங்கொட்டை கொடுங்கள். மண்ணில் நாலு வட்டம்: விசைப்படகு, ஆலைக்கழிவு, வலைப்பெருக்கம், கடல் சூடு. மீன் குறைந்ததற்கு எது எவ்வளவு காரணமோ அவ்வளவு கொட்டை வைக்கட்டும். ஒரு கொட்டையை வைத்துவிட்டு மறுபடி நகர்த்துவார்கள் பாருங்கள், அப்போது வரும் பேச்சை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த முறையை மேட்டூர் அணையில், பண்ணவாடிப் பக்கம், பரிசல் மீனவர் 8 பேரிடம் பழகுங்கள். பூங்காவுக்குப் பதில் "குஞ்சு பொரிக்கும் ரெண்டு மாசம் வலை விடாம இருக்கலாமா?" என்று கேட்கலாம். வலையிலிருந்து மீன் கழற்றும்போது குறுக்கிடாதீர்கள். எடை போட்டு முடியட்டும். 20 நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். மூன்று பேர் "என்ன கேக்குறீங்க?" என்று திருப்பிக் கேட்ட கேள்வியை மாற்றி எழுதுங்கள். "பத்து வருஷத்துக்கு முன் எவ்வளவு மீன்?" என்றால் பதில் குழம்பும்; "தண்ணி வத்தி நந்தி வெளியே தெரிஞ்ச வருஷம்" (அணைக்குள் மூழ்கிய கோயிலின் நந்தி) என்றால் தெளிவாக வரும். கடற்கரையில் அதற்கு 2004 சுனாமி இருக்கிறது.

ராமநாதபுரத்தில் வனத்துறை ஜீப்பில் போய் இறங்காதீர்கள். அன்றோடு உண்மைப் பதில் நின்றுவிடும். ஊர்த்தலைவரிடம் சொல்லிவிட்டு, அவர் இல்லாத இடத்தில் பேசுங்கள். "நீங்கள் தீவுக்குப் போவீர்களா?" என்பது ஒருவரைக் குற்றம் ஒப்புக்கொள்ளச் சொல்வது, அனுமதியில்லாமல் அங்கே நுழைவது 1972 வன உயிரினச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. "இந்த ஊர்ல தீவுப் பக்கம் போறவங்க உண்டா?" என்று கேளுங்கள். படிவத்தில் பெயரோ படகு எண்ணோ வேண்டாம், வரிசை எண் போதும்.