பத்து விதிமுறை எழுதி ஒட்டியும் வகுப்பு அடங்கவில்லை, என்ன தண்டனை கொடுக்கலாம்?

ஏழாம் வகுப்புக்குப் புதிதாகப் போயிருக்கிறீர்கள், முதல் நாளே பத்து விதிமுறைகளைச் சார்ட்டில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள், ஒருவரும் மதிக்கவில்லை. எந்தத் தண்டனைக்கு அடங்குவார்கள், பெற்றோரை எப்போது கூப்பிடலாம் என்று கேட்கிறீர்கள். அனேகமாக உங்களுக்குக் கடைசி பீரியடைத் தள்ளிவிட்டிருப்பார்கள். பக்கத்து வகுப்பு சீனியர் ஒருவர் வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிருப்பார், அந்தப் பார்வைதான் உங்களை இந்தக் கேள்வியை எழுத வைத்திருக்கும். எல்லாம் ஊகம்தான், தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

சார்ட் வேலை செய்யாததற்கு உங்கள் கையெழுத்தோ குரலோ காரணமில்லை. 1968இல் மேட்சன், பெக்கர், தாமஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் தொடக்கப் பள்ளி வகுப்புகளில் இதையே ஒவ்வொரு படியாகச் சோதித்துப் பார்த்தார்கள். விதிகளை மட்டும் சொன்னபோது பிள்ளைகளின் நடத்தையில் பெரிதாக எதுவும் மாறவில்லை. சின்னச் சேட்டைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டு, ஒழுங்காக இருக்கும்போது ஆசிரியர் அதைக் கவனித்துப் பாராட்டியபோதுதான் மாறியது. மிகச் சில குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை அது, அதை வேதவாக்காக எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்ததும் ஏறக்குறைய அதுதான்.

ஒரு வருடம் பாதியில் என்னிடம் ஒரு எட்டாம் வகுப்பை ஒப்படைத்தார்கள். அதுவரை பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் வேலையை விட்டுப் போய்விட்டார், ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். அந்த வகுப்புப் பலகையின் ஓரத்தில் பேசியவர்கள் பட்டியல் நிரந்தரமாக இருக்கும். லீடர் எழுதுவது. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ஒரு பையனுக்கு அந்தக் குறிகள் வரிசையாக நீண்டு பலகையின் நடுவரைக்கும் வந்திருந்தன, அவனோ அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். லீடரின் நண்பர்கள் பெயர் மட்டும் ஒருநாளும் அதில் வராது, அது தனிக் கதை.

பட்டியலை அழித்தேன். விதிகளை மூன்றாகக் குறைத்தேன்: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்க வேண்டும், அடுத்தவர் மேலும் அடுத்தவர் பொருள் மேலும் கை வைக்கக் கூடாது, நான் உள்ளே வரும்போது நோட்டு பெஞ்ச் மேல் திறந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் இதில் முதல் இரண்டும் அலங்காரம். மூன்றாவதுதான் வேலை செய்தது, ஏனென்றால் அதைச் செய்து பழக முடியும். பலகையில் ஒரு சின்னக் கணக்கு முன்பே எழுதியிருக்கும், வந்து உட்கார்ந்ததும் அதைப் போட வேண்டும். சத்தமாக உள்ளே வந்தால் கோபப்படாமல் வெளியே அனுப்பி மறுபடி வரச் சொல்வேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் வந்து உட்காரப் பழக்குகிறாரே என்று சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

கொஞ்ச நாள் உட்கார்ந்து கவனித்தால் உங்களுக்கே தெரியும், பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலும் தகராறு வருவதில்லை. ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் வரும். நோட்டு கொடுக்கும்போது, குழுவாகப் பிரியும்போது, சீக்கிரம் முடித்தவன் சும்மா உட்கார்ந்திருக்கும்போது. நோட்டுகளை வரிசைவாரியாக முன்பே அடுக்கி வைத்ததிலேயே எனக்குப் பாதிச் சண்டை குறைந்தது. ஜேக்கப் கவுனின் என்ற உளவியலாளர் வகுப்புகளைப் படம்பிடித்துப் பார்த்து 1970இல் எழுதியதும் இதுதான்: அடங்கிய வகுப்புக்கும் அடங்காத வகுப்புக்கும் ஆசிரியர் திட்டும் முறையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, முன்கூட்டியே கவனிப்பதிலும் பாடத்தைத் தடங்கலில்லாமல் நகர்த்துவதிலும்தான் வித்தியாசம் இருந்தது.

சரி, அந்தப் பெருக்கல் குறிக்காரனுக்கு வருகிறேன். அவன் பேனா கொண்டு வரமாட்டான். ஒவ்வொரு பீரியடிலும் ஏன் கொண்டு வரவில்லை, நேற்றும் இல்லையே, வீட்டில் வாங்கித் தரவில்லையா என்று ஆசிரியர் கேட்க, அவன் ஏதோ சொல்ல, வகுப்பே சிரிக்க, அது ஒரு இலவச நாடகமாகவே நடந்துவந்திருக்கிறது. நான் ஒரு டப்பாவில் பேனாக்களைப் போட்டு மேஜை ஓரத்தில் வைத்தேன். தேவைப்படுபவர் ஐ.டி. கார்டை வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை. நாடகம் நின்றுபோனது. அப்புறம் பெஞ்சில் தாளம் போட ஆரம்பித்தான். பாடத்தை நிறுத்தாமல் நடந்துபோய் அவன் பெஞ்ச் பக்கத்தில் நின்றுகொண்டே மேற்கொண்டு பேசுவேன், அவன் முகத்தைப் பார்க்கமாட்டேன். மணி அடித்து எல்லோரும் போனபின் தனியாக, “தாளம் நல்லாத்தான் இருக்கு, என் பீரியடில் வேண்டாம்” என்று மட்டும் சொன்னேன். பத்துப் பேர் முன்னால் சொல்லியிருந்தால் அந்தப் பத்துப் பேருக்காகவே அவன் எதிர்த்துப் பேசியிருப்பான், அந்த வயதில் யாராக இருந்தாலும் பேசுவார்கள்.

அவன் திருந்தி முதல் ரேங்க் வாங்கினான் என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தாளம் குறைந்தது, மற்றவர்கள் அவனைத் திரும்பிப் பார்ப்பதும் குறைந்தது. நான் லீவு போட்ட நாட்களில் பழைய கூத்து திரும்பி வந்துவிடும் என்றும் கேள்விப்பட்டேன்.

இதைப் படித்துவிட்டு “நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தான் படித்தோம், இப்போது நன்றாகத்தானே இருக்கிறோம்” என்று எழுத ஒருவர் கண்டிப்பாக வருவார். ஐயா, பள்ளி ஒழுக்கம் குழந்தையின் கண்ணியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று 1989இல் ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையிலேயே எழுதி உலகத்தின் கிட்டத்தட்ட எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டாகிவிட்டது, அதை இங்கே மறுபடி விவாதிக்க எனக்குப் பொறுமையில்லை. அதற்காகக் கண்டிப்பே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். கைகலப்பு, ஒரு பிள்ளையைக் குறிவைத்துக் கேலி செய்வது, இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை, அங்கே அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் நான் சொன்னதில் பாதி நடக்காது, அதுவும் தெரியும். ஆனால் நாலு பேர் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் நிற்க வைக்காதீர்கள். “மிஸ், நாங்க என்ன பண்ணினோம்?” என்று முன் பெஞ்சில் ஒரு பெண் கேட்பாள், உங்களிடம் பதில் இருக்காது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, இருந்தாலும் சொல்லியே தீர வேண்டும். விளையாட்டு பீரியடைப் பிடுங்கும் வழக்கம். போர்ஷன் முடியவில்லை என்று ஒருவர் வாங்கிக்கொள்வார், தண்டனை என்று இன்னொருவர் ரத்து செய்வார், ஆண்டு விழா ஒத்திகைக்கு மூன்றாமவர் எடுத்துக்கொள்வார். காலையிலிருந்து மரப்பெஞ்சில் உட்கார்ந்தே இருக்கும் பிள்ளைகள் கடைசி பீரியடில் நெளிகிறார்கள் என்று மீட்டிங்கில் புகார் சொல்வதும் அதே ஆட்கள்தான். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் வகுப்பு நடக்கும்போது சர்குலரில் கையெழுத்து வாங்க ஆள் வந்துகொண்டே இருப்பார், ஒரு பாடத்துக்கு நடுவில் இரண்டு சர்குலர் வந்த நாளும் உண்டு, அன்று சாயங்காலம் “உங்கள் வகுப்பில் சத்தம் கேட்கிறதே” என்று விசாரித்தார்கள். வராண்டாவில் நின்று காதை வைத்துத்தான் அங்கே ஒழுங்கை அளப்பார்கள். குழுவாகப் பேசிப் படித்தால் சத்தம், டிக்டேஷன் எழுதிக்கொண்டே தூங்கினால் நல்ல வகுப்பு.

பெற்றோர் விஷயம். முதல் போன் புகாராக இருக்கக் கூடாது. யாரால் உங்களுக்குத் தலைவலி வரும் என்று இப்போதே தெரிந்திருக்கும், அந்தப் பிள்ளை ஏதாவது ஒன்றை உருப்படியாகச் செய்த நாளில் கூப்பிட்டு அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். அந்தப் பெருக்கல் குறிக்காரனின் அம்மா போனை எடுத்ததும் “இன்னைக்கு என்ன பண்ணிட்டான்?” என்றுதான் ஆரம்பித்தார். ஒன்றுமில்லை, குழு வேலையில் கூட இருந்தவனுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான் என்றேன், கொஞ்ச நேரம் நம்பவே இல்லை. பின்னால் நிஜமாகவே புகார் சொல்ல வேண்டி வந்தபோது சண்டைக்கு வராமல் கேட்டுக்கொண்டார். வேலை நேரத்தில் கூப்பிடாதீர்கள், மேலதிகாரி பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெற்றோரும் நிதானமாகப் பேச மாட்டார்கள்.