பினாங்கு ஈ அண்ட் ஓ ஹோட்டலின் தம்பி ராஃபிள்ஸ் உலகமெங்கும் பரவியது எப்படி?

1887-இல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஹோட்டலைத் திறந்தவர்கள், அதற்கு முன்பே பினாங்கில் ஈ அண்ட் ஓ (ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல்) ஹோட்டலைத் தொடங்கிய சார்க்கீஸ் சகோதரர்கள். ராஃபிள்ஸ் என்ற பெயர் 2016 முதல் பிரான்சின் அக்கோர் குழுமத்திடம் இருக்கிறது.

பரவலுக்குக் காரணம் நிர்வாக ஒப்பந்தம். கட்டடமும் முதலும் வேறொருவருடையவை. பெயர், மேலாளர், பயிற்சி, முன்பதிவு எல்லாம் குழுமத்தின் பொறுப்பு. கட்டணம் பொதுவாக வருமானத்தில் 2–3 விழுக்காடு, அதோடு லாபத்தில் ஒரு பங்கு. நிலத்தில் பணம் முடங்காததால் வேகமாக வளரலாம். சிக்கலும் இங்கேதான்: மெத்தை, குளிரூட்டி மாற்றும் செலவு உரிமையாளர் தலையில். அவர் தள்ளிப்போட்டால் கெடுவது குழுமத்தின் பெயர்.

நம்மூர் நாசி கண்டார் கடையை நினைத்துப் பாருங்கள்: கடை முதலாளியுடையது, கைமணம் சமையல்காரருடையது.

பலர் நினைப்பதுபோல ஈ அண்ட் ஓ ராஃபிள்ஸின் கிளை அல்ல. உரிமையாளர் வேறு, வயதிலும் அதுவே மூத்தது.