அம்மா வீட்டுக்கு ஸ்மார்ட் மீட்டர் வருகிறதா? பதில்

வணக்கம் அக்கா. சுங்கை சிப்புட் தோட்ட வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார், ஸ்மார்ட் மீட்டர் (மின் பயன்பாட்டைத் தானாகவே மின் நிறுவனத்துக்கு அனுப்பும் மீட்டர்) மாற்றக் கடிதம் வந்திருக்கிறது, கரண்ட் பில் ஏறிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள்.

மீட்டர் மாறுவதால் மட்டும் கட்டண விகிதம் மாறாது. பழையது தேய்ந்து மெதுவாக ஓடியிருந்தால் பில் கொஞ்சம் கூடலாம். மாற்றும் நாளில் பழைய மீட்டரின் கடைசி எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். நல்ல விஷயம், நீங்கள் எங்கிருந்தாலும் மலேசிய மின் நிறுவனமான டிஎன்பியின் மைடிஎன்பி செயலியில் அம்மாவின் பயன்பாட்டைப் பார்க்கலாம்.

எனக்குக் கவலை வேறு. பில் கட்டாவிட்டால் இந்த மீட்டரில் ஆள் வராமலே, தூரத்திலிருந்து இணைப்பைத் துண்டிக்க முடியும். முன்பு வாசலுக்கு வந்தவரிடம் பேசி இரண்டு நாள் தவணையாவது கேட்கலாம்; தனியாக இருக்கும் முதியவருக்கு அந்த வழி அடைபடுகிறது. பில் அறிவிப்பு உங்கள் கைப்பேசிக்கு வரும்படி இப்போதே மாற்றுங்கள். செயலியின் கடவுச்சொல்லை யாருக்கும் தராதீர்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தைக்கூட அதிலுள்ள பயன்பாட்டுப் பதிவு காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டம் விருப்பத் தேர்வுதான். அதில் வார நாட்களில் மதியம் 2 மணி முதல் இரவு 10 மணி வரை விலை கூடுதல். அம்மா வீட்டிலேயே இருக்கிறார், அந்த வெயிலில் விசிறியை நிறுத்தச் சொல்ல முடியாது. இப்போதைக்கு அதில் சேர வேண்டாம்.