நடு ஆட்டத்தில் கிளம்பிப் போகிறவர்கள்: கேள்வி பதில்

வணக்கம். பத்தாண்டுகளாக வாரயிறுதி டோட்டா (ஐவர் கொண்ட இரு அணிகள் இணையத்தில் மோதும் கணினி விளையாட்டு) போட்டிகளுக்கு நடுவராக இருக்கிறேன். பகலில் செய்யும் வேலை நெட்வொர்க் பராமரிப்பு. ஆட்டத்தின் நடுவே ஆள் காணாமல் போவது என் இரண்டு வேலைகளுக்கும் பொதுவான தொல்லை. கேள்விகளை வந்த வரிசையில் எடுத்துக்கொள்கிறேன். தொடங்கும் முன் ஒன்று: முழுதாக ஒரு மணி நேரம் கையில் இல்லாமல் தரவரிசை ஆட்டத்தைத் தொடங்காதீர்கள்.

திருச்சி வாசகர்: அண்ணா, டோட்டா 2 ஆடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. ஏழு நிமிடத்தில் திரும்பி வந்தேன். அதற்குள் என் பெயரில் அபாண்டன் (பாதியில் கைவிட்டவர் என்ற பதிவு) விழுந்து, லோ பிரயாரிட்டி என்ற தண்டனை வரிசையில் தள்ளிவிட்டார்கள். நான் ஓடிப்போகவில்லையே?

நீங்கள் ஓடவில்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் ஆட்டத்தை நடத்தும் சர்வரால் நம்ப முடியாது. உங்கள் கணினியிலிருந்து நொடிக்குப் பல முறை சிறு தகவல் துணுக்குகள் அதற்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. அவை நின்றதும் அதற்குத் தெரிவது மௌனம் மட்டுமே. மின்தடையால் வந்த மௌனமும், தோற்கிற கோபத்தில் கம்பியைப் பிடுங்கியவனின் மௌனமும் அங்கே ஒன்றுதான். மின்தடைக்கு விலக்கு என்று அறிவித்துப் பாருங்கள். மறுநாளே கோபக்காரர்கள் அத்தனை பேரும் கம்பியைப் பிடுங்கக் கற்றுக்கொள்வார்கள். ஆகவே சர்வர் மனத்தை எடைபோடாமல் நிமிடங்களை எண்ணுகிறது. டோட்டாவில் அந்தக் கெடு ஐந்து நிமிடம். அதைத் தாண்டியதும் மற்றவர்கள் தண்டனையின்றி வெளியேறலாம் என்று அனுமதி கிடைக்கும். தொடர்ந்து ஆடினால் உங்கள் தங்கம் (ஆட்டத்துக்குள் புழங்கும் பணம்) அவர்களுக்குப் பங்கிடப்படும். இந்த ஏற்பாடு அந்த நால்வரைக் காப்பாற்றத்தான். உங்கள் நேர்மைக்கு அது தீர்ப்பு எழுதவில்லை.

இனி செய்ய வேண்டியது: லோ பிரயாரிட்டியில் விதித்த எண்ணிக்கையில் சிங்கிள் டிராஃப்ட் (காட்டப்படும் சில பாத்திரங்களில் ஒன்றைத் தேர்ந்து ஆடும் வகை) ஆட்டங்களை வெல்லுங்கள். தோற்றவை கணக்கில் சேராது. பிறகு ரவுட்டருக்கென்றே விற்கும் சிறு யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். மடிக்கணினி பேட்டரியில் ஓடும். அணைந்து போவது ரவுட்டர்தான். ஃபைபர் இணைப்பு என்றால் கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். இரண்டும் தனித்தனியாக இருந்தால் இரண்டையும் யூபிஎஸ்ஸில் இணையுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. அன்று காலையில் ஆட உட்காராதீர்கள்.

கோவை வாசகர்: கவுன்டர்-ஸ்டிரைக் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் பாதியில் வெளியேறியதற்கு முதலில் அரை மணி நேரம் தடை வந்தது. இப்போது அதே தவறுக்கு ஏழு நாள். ஏன்?

அது ஏணி: 30 நிமிடம், 2 மணி நேரம், 24 மணி நேரம், 7 நாள். நீங்கள் உச்சிப்படியில் நிற்கிறீர்கள். சில வாரங்கள் ஒழுங்காக ஆடினால் படிப்படியாக இறங்கலாம்.

பெயர் குறிப்பிடாதவர்: ரம்மியில் பாதியில் எழுந்தால் கட்டிய பணம் திரும்ப வருமா?

பணம் வைத்து ஆடுவது பற்றி இங்கே பேசுவதில்லை. 2025-ல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. விட்டுவிடுங்கள்.

விழுப்புரம் வாசகர்: இணையச் சதுரங்கத்தில் தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் எதிராளி காணாமல் போகிறார். அவர் கடிகாரத்தில் எட்டு நிமிடம் இருக்கிறது. நான் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இதுவும் வெளியேறுவதுதானே?

நல்ல கேள்வி. இருவர் ஆட்டத்தில் வெளியேறுவது குற்றமே அல்ல. ஸ்டார்கிராஃப்ட் போர் விளையாட்டில் தோல்வி உறுதியானதும் ‘ஜிஜி’ (நல்ல ஆட்டம்) என்று எழுதிவிட்டு விலகுவது மரியாதை. சதுரங்கத்திலும் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுவது பண்பு. உங்கள் எதிராளி செய்வது அது அல்ல. தோற்றேன் என்று சொல்ல மனமில்லாமல் உங்கள் எட்டு நிமிடத்தைத் திருடுகிறார். லிசெஸ் தளத்தில் எதிராளி இணைப்பை விட்டுப் போனால், சிறிது நேரத்தில் வெற்றியைக் கோரும் வசதி வரும். இதையே வழக்கமாகச் செய்பவருக்குத் தற்காலிகத் தடையும் உண்டு. ஐவர் அணி ஆட்டத்தில் கதை வேறு. அங்கே ஒருவர் எழுந்தால் எதிரணிக்கு வெற்றியைப் பரிசளிக்கிறார், சொந்த அணியின் நால்வரிடம் மாலைப்பொழுதைப் பறிக்கிறார்.

நாகர்கோவில் வாசகர்: இணைப்பு அறுந்தால் தோல்வி என்பது அநியாயம் அண்ணா. 2020 இணையச் சதுரங்க ஒலிம்பியாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் கொடுத்தார்களே!

கொடுத்தார்கள். அந்த நாள் 2020 ஆகஸ்ட் 30. இறுதிப்போட்டியில் ரஷ்யாவுடன் முதல் சுற்று 3–3 என்று சமனில் முடிந்தது. இரண்டாம் சுற்றில் இந்தியாவின் நிஹால் சரின், திவ்யா தேஷ்முக் இருவரின் இணைப்பும் அறுந்து, கடிகாரம் ஓடித் தோற்றார்கள். அன்று அமெரிக்காவின் சென்ச்சுரிலிங்க் வலையமைப்பில் பிழையான வடிகட்டும் விதி ஒன்று பரவி ரவுட்டர்கள் தடுமாறின. கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை வழியாக இயங்கிய தளங்கள் உலகம் முழுக்கத் திணறின. இந்தியா முறையிட்டது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவர் அர்காடி துவோர்கோவிச் இரு அணிகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார். இதில் கவனிக்க வேண்டியது, கோளாறு ஒரு வீட்டில் நடக்கவில்லை. உலகமே பார்த்த பொதுக் கோளாறு, சான்றும் இருந்தது. திருச்சித் தம்பியின் மின்தடைக்கு அப்படிப்பட்ட சான்று எதுவும் சர்வரிடம் போய்ச் சேராது.

யாழ்ப்பாண வாசகர்: பாதிக் கதையைத்தான் சொல்கிறீர்கள். அதே போட்டியின் காலிறுதியில் ஆர்மீனிய வீரரின் இணைப்பு இந்தியாவுக்கு எதிராக அறுந்தபோது என்ன நடந்தது?

சரியாகப் பிடித்தீர்கள். ஹைக் மார்ட்டிரோசியன் நிஹால் சரினுடன் ஆடும்போது இணைப்பு அறுந்து, நேரம் தீர்ந்து தோற்றார். தங்கள் பக்கம் இணையம் சரியாகவே இருந்தது என்று ஆர்மீனியா முறையிட்டது. முறையீடு தள்ளுபடியானது. அடுத்த சுற்றை ஆட மறுத்து ஆர்மீனியா போட்டியிலிருந்தே விலகியது. நடு ஆட்டத்தில் ஒரு நாடே எழுந்து போனது என்று சொல்லலாம்.

விலகியது தவறு என்று பல ஆண்டுகள் வாதிட்டு வந்தேன். இன்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். உன் இணைப்புக்கு நீயே பொறுப்பு என்ற விதி காலிறுதியில் எழுத்துக்கு எழுத்து நின்றது, இறுதிப்போட்டியில் வளைந்துகொடுத்தது. வளைந்ததற்குக் காரணம் இருந்தது, அந்தக் காரணத்தை ஏற்கிறேன். ஆனால் பொதுக் கோளாறு வந்தால் ஆட்டத்தை நிறுத்தி மறுபடி ஆடுவோம் என்று முதல் நாளே விதியில் எழுதியிருந்தால், ஆர்மீனியர்களுக்குத் தாங்கள் வேறு தராசில் நிறுக்கப்பட்டோம் என்ற எண்ணம் வந்திருக்காது. நான் நடத்தும் சிறிய போட்டிகளில் இந்த வரியைச் சேர்த்தது அதற்குப் பிறகுதான்: இரு அணிகளிலும் ஒரே நேரத்தில் இணைப்பு போனால் ஆட்டம் செல்லாது, ஓர் அணியில் மட்டும் போனால் பத்து நிமிடம் நிறுத்தி வைப்போம், பிறகு தொடர்வோம்.

சென்னை வாசகர்: அப்படியானால் நம் பிள்ளைகள் தங்கத்துக்குத் தகுதியற்றவர்களா?

அப்படிச் சொல்லவே இல்லை. தயவுசெய்து மறுபடி படியுங்கள். இணைப்பு அறுந்ததில் பிள்ளைகளின் பிழை எதுவும் இல்லை. குறை விதியை எழுதியவர்களுடையது.

சேலம் வாசகர்: சதுரங்க வீரர் கார்ல்சன் ஒரே நகர்த்தலில் எதிராளி நீமனிடம் தோல்வியை ஒப்புக்கொண்டு போனாரே, அது?

2022 செப்டம்பரில், ஜூலியஸ் பேர் ஜெனரேஷன் கோப்பையில். அவர் வேண்டுமென்றே செய்தது, இணைப்பு அறுந்ததல்ல. ஒலிம்பியாட் விவாதத்தை இத்துடன் நிறுத்துவோம். காத்திருப்பவர்கள் பலர்.

மதுரை வாசகர்: மின்சாரம் போனால் தண்டிப்பது நியாயமா?

முதல் பதிலில் இருக்கிறது.

தூத்துக்குடி வாசகர்: பிஜிஎம்ஐ (கைபேசித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு) ஆடும்போது அழைப்பு வந்தால் இணைப்பு போகிறது. மெரிட் (நன்னடத்தைப் புள்ளி) குறைகிறது.

வோல்டி (4ஜி தரவு வழியாகவே பேசும் வசதி) இல்லாமல் வரும் அழைப்பு தரவு இணைப்பை நிறுத்திவிடும். அமைப்புகளில் வோல்டி இயங்குகிறதா என்று பாருங்கள். வைஃபை வலுவிழந்ததும் தானாக மொபைல் தரவுக்கு மாறும் வசதியையும் அணையுங்கள். மாறும்போது உங்கள் இணைய முகவரி மாறி, பழைய இணைப்பு அறுந்துவிடுகிறது. ரயிலில் போய்க்கொண்டே அணி ஆட்டம் ஆடாதீர்கள்.

வேலூர் வாசகர்: கரண்ட் போனால்...

மேலே இருமுறை பேசியாகிவிட்டது. ரவுட்டருக்கு யூபிஎஸ். ஒரு மணி நேரம் கையில் இல்லாமல் தொடங்காதீர்கள்.

கல்லூரி மாணவி: நான் வாலரன்ட் (ஐவர் அணித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு) ஆடுகிறேன். பேசியதும் பெண் என்று தெரிந்து அசிங்கமாகப் பேசத் தொடங்குகிறார்கள். தாங்க முடியாமல் இரண்டு முறை வெளியேறினேன். இரண்டு முறையும் தண்டனை எனக்குத்தான். நானும் ஓடிப்போகிறவள்தானா?

இல்லை தங்கையே. நிமிடங்களை எண்ணும் முறையின் மிகப் பெரிய குறை இதுதான். யார் வெளியேறினார் என்பது அதற்குத் தெரியும். யார் வெளியேற்றினார் என்பது தெரியாது. என் போட்டிகளில் ஒருவர் விலகினால் முதலில் அணியின் உரையாடலைத்தான் கேட்டு வாங்குகிறேன். பலமுறை உண்மையில் ஆட்டத்தைக் கெடுத்தவர் கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்தான். வாயால் நால்வரை விரட்டியவருக்குத் தண்டனை இல்லை, விரட்டப்பட்டவருக்கு உண்டு என்றால் அந்தக் கணக்கைத் திருத்தத்தான் வேண்டும். அதனால் வெளியேறுகிறவர்களைப் பற்றி நான் பேசும் எந்தக் கடுமையும் உங்களுக்குப் பொருந்தாது.

செய்யக்கூடியவை: முதல் கெட்ட சொல்லிலேயே அந்த நபரை மியூட் செய்யுங்கள், இரண்டாவது சொல்லுக்குக் காத்திருக்க வேண்டாம். குரல் இல்லாமலும் வரைபடத்தில் குறியிட்டு நன்றாக ஆட முடியும். ஆட்டம் முடிந்ததும் ரிப்போர்ட் செய்யுங்கள். இதனால் என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிடாதீர்கள். தெரிந்த தோழிகள் இருவர் சேர்ந்து வரிசையில் நின்றால் அணியில் பாதிப் பேர் உங்களவர்கள். இத்தனைக்குப் பிறகும் தாங்க முடியவில்லை என்றால் எழுந்து போங்கள். அந்தத் தண்டனையை வெட்கமில்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஓர் அம்மா: தம்பி, எனக்கு இந்த விளையாட்டெல்லாம் தெரியாது. சாப்பிடக் கூப்பிட்டால் என் மகன் ‘இப்போது எழ முடியாது, நாலு பேர் திட்டுவார்கள்’ என்கிறான். பொய் சொல்கிறானா?

பொய் இல்லை அம்மா. அவன் ஆடுவது டோட்டா போன்ற ஆட்டமானால் ஒன்று முடிய நாற்பது நிமிடம்கூட ஆகும். சாப்பாட்டுக்காக நிறுத்தி வைத்தாலும் எதிரணி காத்திருக்காது. நடுவில் எழுந்தால் அவனுக்குத் தண்டனை, அவனுடன் ஆடும் நால்வருக்குத் தோல்வி. ஆனால் ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தொடங்கியது அவன்தான். அதனால் நடுவில் கூப்பிடாதீர்கள், தொடங்கும் முன் பேசுங்கள். எட்டரைக்குச் சாப்பாடு என்றால், ஏழரைக்குப் பிறகு புதிய ஆட்டம் தொடங்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். ஏழரைக்கு முன் தொடங்கியதை முடிக்க விடுங்கள். சாம்பார் ஆறினால் சுடவைத்துக்கொள்ளலாம்.