போன உயிர் எங்கே? மறுபிறப்பு பற்றிய கேள்விகளும் பதில்களும்

சைவ சித்தாந்தம் சொல்லிக்கொடுப்பவன், துக்க வீடுகளில் திருமுறை ஓதப் போகிறவன் என்பதால் இந்தக் கேள்விகளை என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். சித்தாந்தம் சொல்வதைச் சித்தாந்தம் என்றும், என் அபிப்பிராயத்தை என் அபிப்பிராயம் என்றும் பிரித்தே சொல்கிறேன்.

கேள்வி: அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. அமாவாசைதோறும் காக்கைக்குச் சோறு வைக்கிறேன். அவர் இன்னொரு இடத்தில் பிறந்திருந்தால் இந்தச் சோறு யாருக்குப் போகிறது?

நல்ல கேள்வி அம்மா. பலருக்கும் மனசுக்குள் இருப்பது, வாய்விட்டுக் கேட்பதில்லை.

செத்தவர்களுக்குச் சோறு கொடுப்பது ஒரு நம்பிக்கை, செத்தவர் மறுபடி பிறப்பது இன்னொரு நம்பிக்கை. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை அல்ல என்பது என் எண்ணம். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் நெல்மணிகள் கிடைத்தன. பரிசோதனையில் அதன் காலம் கி.மு. 1155 என்று வந்தது. புதைத்தவர்கள் என்ன நினைத்து வைத்தார்கள் என்று எழுதி வைக்கவில்லை. ஆனால் போனவரை வெறுங்கையோடு அனுப்ப அவர்களுக்கும் மனம் வரவில்லை. வள்ளுவரும் இல்வாழ்வான் பேண வேண்டியவர்களில் தென்புலத்தாரை, அதாவது இறந்துபோன முன்னோரைத்தான் முதலில் வைக்கிறார், தெய்வம்கூட அதற்கு அடுத்துதான்.

பின்னால் இரண்டு நம்பிக்கைகளையும் இணைக்கப் புராணங்கள் ஒரு வழி சொல்லின. திதியில் கொடுப்பதை வசு, உருத்திரர், ஆதித்தர் என்ற பிதிர் தேவதைகள் வாங்கி, அவர் எந்தப் பிறவியில் இருக்கிறாரோ அதற்கு ஏற்ற உணவாக்கிச் சேர்ப்பார்களாம். மாடாகப் பிறந்திருந்தால் புல்லாகப் போய்ச் சேரும். நீங்கள் தாராளமாகச் சோறு வையுங்கள். அப்பாவுக்குப் பிடித்த குழம்பையும் வையுங்கள்.

கேள்வி: ஏழு பிறவிதானா? கணக்கு உண்டா?

ஏழு தடவை அல்ல, ஏழு வகை. தாவரம், ஊர்வன, நீர்வாழ்வன, பறவை, விலங்கு, மனிதர், தேவர். தேவராவதும் ஒரு பிறவிதான், முடிவு இல்லை. புண்ணியம் தீர்ந்தால் இறங்கி வர வேண்டும்.

கேள்வி: என் மகனுக்குப் பிறவியிலேயே கால் ஊனம். "போன ஜென்மத்து வினை" என்று சொந்தக்காரர்களே சொல்கிறார்கள். உண்மையா ஐயா?

உங்கள் மகனின் வினை இன்னதென்று சொல்ல அவர்கள் யாருக்கும் தகுதி கிடையாது. எனக்கும் கிடையாது. இதை நிதானமாகச் சொல்கிறேன், அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. பத்தாயத்தில் கிடக்கும் நெல் சஞ்சிதம், பல பிறவிகளில் சேர்ந்தது. அதிலிருந்து இந்தப் பிறவிக்கென்று எடுத்து உலையில் போட்டது பிராரத்தம். இப்போது நாம் வயலில் விதைத்துக்கொண்டிருப்பது ஆகாமியம். பிராரத்தத்தை அளந்து போடுகிறவன் இறைவன், அந்த அளவு அவனுக்கு மட்டுமே தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து "இது இன்ன பாவம்" என்பவர், தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்கிறார்.

அதோடு, ஒரு குழந்தையின் கஷ்டத்தைப் பார்த்து "அவன் வினை" என்று நகர்ந்தால், அந்த நகர்வே அவர்களுக்கு ஆகாமியம். வினைக் கொள்கை தன்னைத் தானே திருத்திக்கொள்ள வந்தது. அடுத்தவன் மேல் பழி போட அதை எடுப்பது எனக்குப் பொறுக்கவே இல்லை. பிள்ளைக்கு மருத்துவம், பள்ளிக்கூடம், விளையாட்டு எதிலும் குறை வைக்காதீர்கள்.

கேள்வி: தமிழர்கள் எல்லோரும் அந்தக் காலத்தில் இதைச் சந்தேகமில்லாமல் நம்பினார்களா?

இல்லை தம்பி. புறநானூற்றில் 214-ஆம் பாட்டைப் பாருங்கள். பாடியவன் கோப்பெருஞ்சோழன். பெற்ற பிள்ளைகளோடு பகை முற்றி, வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் உட்கார்ந்து, உயிர்விட முடிவு செய்தவன். நல்வினை செய்தால் மேலுலக இன்பம் கிடைக்கலாம் என்கிறான். அது இல்லையென்றால் மறுபடி பிறக்காமல் இருக்கலாம். அந்தப் பிறவியே இல்லையென்றாலும், இமயச் சிகரம் போல் புகழை நட்டுவிட்டுச் சாவது நல்லது என்று முடிக்கிறான். சாகப்போகிறவன், எதையும் நிச்சயம் என்று சொல்லாமல் எல்லாப் பக்கமும் யோசித்து, எப்படியானாலும் நல்லதே செய் என்கிறான். இந்தப் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இரண்டு தடவை வாசிக்கச் சொல்வேன்.

குறுந்தொகையில் ஒருத்தி, மறுமையிலும் நீயே என் கணவன் ஆகவேண்டும், உன் நெஞ்சுக்கு ஏற்றவள் நானே ஆகவேண்டும் என்கிறாள். ஆக, பிறவி வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களும் இருந்திருக்கிறார்கள்.

கேள்வி: சுடுகாட்டில் குடம் உடைப்பது எதற்கு?

கொள்ளி வைப்பவர் நீர்க்குடத்தைத் தோளில் வைத்துச் சிதையை மூன்று முறை சுற்றுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு துளை போடுவார்கள். ஒழுகும் தண்ணீரைப் பின்னால் வருபவர் கையால் தட்டித் தெளிப்பார். கடைசியில் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். குடம் உடம்பு, தண்ணீர் உயிர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். திரும்பிப் பார்த்தால் போகிற உயிருக்குப் பற்று விடாதாம். என் அனுபவத்தில், திரும்பாமல் நடப்பது மகனுக்குத்தான் ரொம்பக் கடினம்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் 31-ஆம் நாள் அந்தியேட்டி செய்கிறோம், இங்கே 16-ஆம் நாள் கருமாதி. எது சரி?

இரண்டும் சரி. ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி நாள் மாறும். உங்கள் வீட்டு வழக்கப்படியே செய்யுங்கள்.

கேள்வி: முற்பிறவியைச் சொல்லும் குழந்தைகள் பற்றி?

வர்ஜீனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் இப்படிப்பட்ட குழந்தைகளை இந்தியா, இலங்கை உட்படப் பல நாடுகளில் தேடிப்போய் விசாரித்தார். 1966-இல் 20 பேரைப் பற்றி நூல் வெளியிட்டார். நிரூபித்துவிட்டேன் என்று அவரே சொல்லவில்லை. விசாரிக்கப் போகும் முன்பே இரு குடும்பங்களும் சந்தித்துப் பேசிவிட்ட சம்பவங்கள் பல என்பது முக்கியமான எதிர்வாதம். உங்கள் பிள்ளை அப்படி ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். தோண்டித் தோண்டிக் கேட்டு ஊரைக் கூட்டாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வயதாகிவிட்டது. "மறுபடி பிறந்து இதெல்லாம் படணுமா?" என்று அழுகிறார். என்ன சொல்ல?

முதலில் அவருக்கு எதைப் பார்த்துப் பயம் என்று கேளுங்கள். வலியா, தனியாகப் போவதா, உங்களை விட்டுப் போவதா? பல சமயம் மறுபிறவி என்று சொன்னாலும் உள்ளே வேறு கவலை இருக்கும். வலி என்றால் மருத்துவரிடம் பேசுங்கள்.

பிறவியைப் பற்றித்தான் என்றால், அம்மாவின் கேள்வி புதிதல்ல என்று சொல்லுங்கள். "எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்தேன்" என்று மாணிக்கவாசகரும் அலுத்துக்கொண்டார். காரைக்கால் அம்மையார் பிறவாமை வேண்டும் என்றுதான் கேட்டார். அப்படியும் பிறக்க நேர்ந்தால் உன்னை மறவாமை வேண்டும் என்று அடுத்த வரியிலேயே கேட்டுவிட்டார். இரண்டுக்கும் தயாராக இருந்த அந்த அம்மையாரின் கதையை அம்மாவுக்குச் சொல்லுங்கள். மாணிக்கவாசகர் அப்படி அலுத்துக்கொண்ட சிவபுராணம் 95 வரிதான். மாலையில் விளக்கேற்றியதும் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள், டேப்பில் போட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள்.