மிரர் சர்வர் தானாக ஓடட்டும்: கேள்வி பதில்

டெபியன், ஆர்ச் மாதிரியான லினக்ஸ் வகைகளின் மென்பொருள் களஞ்சியங்களைச் சிங்கப்பூரில் நகல் (மிரர்) எடுத்து வைத்து, அந்த நகல் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி அமைப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

தெம்பனிஸிலிருந்து: அக்கா, எங்கள் டெபியன் மிரரில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆர்சிங்க் (கோப்புகளை ஒத்திசைக்கும் கருவி) ஓடுகிறது. லாக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் சில நேரம் ஆப்ட் அப்டேட் (பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை) கொடுத்தால் 'ஹேஷ் சம் மிஸ்மேட்ச்' வருகிறது. அரைமணி கழித்துப் பார்த்தால் தானே சரியாகிவிடுகிறது. ஏன்?

அந்த அரைமணியில்தான் விஷயமே இருக்கிறது. ஆர்சிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ உள்ளே வந்துவிடுகிறார்கள். டெபியன் களஞ்சியத்தில் 'டிஸ்ட்ஸ்' அடைவில் பட்டியல்களும் 'பூல்' அடைவில் பேக்கேஜ்களும் இருக்கும். ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றையும் இழுத்தால் ஆர்சிங்க் அகரவரிசையில்தான் போகும். ஆங்கிலத்தில் டிஸ்ட்ஸ் முதலில் வரும், பூல் பிறகு. அதிலும் ஓர் அடைவுக்குள் கோப்புகள் முதலில், துணை அடைவுகள் பிறகு. அதனால் பட்டியல்களின் ஹேஷ்களைச் சொல்லும் 'இன்ரிலீஸ்' கோப்பு புதிதாக வந்து உட்கார்ந்துவிடும், அதில் சொன்ன பேக்கேஜ் பட்டியல் இன்னும் பழையதாகவே இருக்கும். கோப்பின் கைரேகை மாதிரியான ஹேஷ் எப்படிப் பொருந்தும்? பட்டியல் வந்து பேக்கேஜ் வராத நேரத்தில் ஆள் வந்தால் 404, அதாவது 'கோப்பு இல்லை' பிழை. உணவங்காடிக் கடையில் இன்றைய மெனுவைப் பலகையில் எழுதிவிட்டு, அப்புறம் சந்தைக்குப் போன மாதிரி.

தீர்வு, இரண்டு கட்டமாக ஓட்டுவது. முதல் கட்டத்தில் ரிலீஸ், இன்ரிலீஸ், பேக்கேஜஸ், சோர்சஸ் கோப்புகளை விலக்கிவிட்டு மற்றதை மட்டும் இழுங்கள்; எதையும் அழிக்காதீர்கள். இரண்டாம் கட்டத்தில் எல்லாவற்றையும் இழுத்து, பழையதைக் கடைசியில் அழியுங்கள். 'டிலே-அப்டேட்ஸ்', 'டிலீட்-ஆஃப்டர்' என்ற ஆர்சிங்க் விருப்பங்கள் இரண்டும் இதற்குத்தான். நீங்களே எழுத வேண்டியதில்லை, டெபியன் தரும் 'எஃப்டிபிசிங்க்' ஸ்கிரிப்ட் இதைத்தான் செய்கிறது. பெயரில் எஃப்டிபி இருந்தாலும் உள்ளே ஓடுவது ஆர்சிங்க். சொந்தமாக எழுதியே தீருவேன் என்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

உட்லண்ட்ஸிலிருந்து: மணிக்கு ஒருமுறை கிரான் (நேரம் வைத்து வேலையை ஓட்டும் வசதி) போட்டிருக்கிறேன். சில நாள் ஒரு ஓட்டம் முடியுமுன் அடுத்தது தொடங்கிவிடுகிறது.

ஒரு நேரத்தில் ஓர் ஓட்டத்தை மட்டும் விடும் 'எஃப்லாக்' பூட்டுக் கட்டளையை 'என்' விருப்பத்தோடு முன்னால் வையுங்கள். பூட்டு கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் திரும்பிவிடும். கிரானுக்குப் பதில் சிஸ்டம்டி டைமர் என்றால் அந்தத் தொல்லையே இல்லை. முந்தைய வேலை ஓடிக்கொண்டிருந்தால் இன்னொன்றைத் தொடங்காது. நேரத்தைச் சற்றுக் கலைத்துவிடும் 'ரேண்டமைஸ்டு டிலே' வசதியும் அதில் உண்டு. எல்லோரும் சரியாகப் பூஜ்ஜியம் நிமிடத்தில் கதவைத் தட்டினால், நாம் நகல் எடுக்கும் மேல் சர்வர் என்ன செய்யும்?

அதைவிட, மணிக்கு ஒருமுறை எதற்கு? டெபியன் களஞ்சியம் வழக்கமாக ஒரு நாளைக்கு 4 முறைதான் மாறுகிறது. மாற்றமே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் லட்சக்கணக்கான கோப்புகளை மேல் சர்வர் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆர்ச் மிரர்களில் 'லாஸ்ட்அப்டேட்' என்று ஒரு குட்டிக் கோப்பு இருக்கும். அதை மட்டும் இறக்கி உங்களிடம் உள்ளதோடு ஒப்பிடுங்கள், மாறியிருந்தால் மட்டும் முழு ஓட்டம். டெபியனில் இன்னும் நல்ல வழி, மேல் சர்வரே எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியாக உங்களைத் தூண்டிவிடும் 'புஷ்' முறை. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜூரோங் வெஸ்ட், பாலிடெக்னிக் மாணவர்: அக்கா, மேல் சர்வரில் டிஸ்க் மவுண்ட் ஆகாமல் அடைவு காலியாகத் தெரிந்தால், என் பக்கமும் எல்லாம் அழிந்துவிடுமா?

அழியும் தம்பி. படிக்கும்போது ஐ/ஓ பிழை வந்தால் ஆர்சிங்க் அழிப்பதை நிறுத்திவிடும். காலி அடைவு பிழையே இல்லையே, அதனால் சமர்த்தாக எல்லாவற்றையும் துடைத்துவிடும். 'மேக்ஸ்-டிலீட்' வைத்து ஓர் எல்லை போடுங்கள். எல்லையைத் தொட்டால் ஆர்சிங்க் வெளியேறும்போது தரும் எண் 25. அதற்கு ஒரு எச்சரிக்கை அனுப்புங்கள். 24 வந்தால் பதற வேண்டாம், ஓட்டத்தின் நடுவே மேல் சர்வரில் சில கோப்புகள் மறைந்தன என்று அர்த்தம். மறுபடி ஓட்டினால் போதும்.

செங்காங்கிலிருந்து: கண்காணிப்புப் பலகையில் எல்லாம் பச்சை. ஆனால் மிரர் பல நாள் பழையதாக இருந்தது. எப்படி?

மேல் சர்வரே நின்றுபோயிருக்கும். அப்போது ஆர்சிங்க் 'மாற்றம் இல்லை' என்று பூஜ்ஜியம் (வெற்றி) தரும், பலகையும் பச்சை காட்டும். ஓட்டம் முடிந்ததா என்று பார்க்காமல் சரக்கின் வயதைப் பாருங்கள். டெபியனில் 'ப்ராஜெக்ட்/ட்ரேஸ்' அடைவுக்குள் முதன்மைச் சர்வரின் பெயரில் ஒரு கோப்பு இருக்கும், அதன் முதல் வரி தேதி. அது ஒரு நாளைத் தாண்டினால் உங்களுக்குச் செய்தி வரட்டும். நேரம் யுடிசியில் (உலக நேரத்தில்) இருக்கும், நம் நேரத்துக்கு 8 மணி கூட்டிக்கொள்ளுங்கள். செக்யூரிட்டி களஞ்சியத்தின் ரிலீஸ் கோப்பில் காலாவதித் தேதி இருப்பதால் ஆப்டே கத்தும். நிலையான பதிப்பான ஸ்டேபிளின் முதன்மைக் களஞ்சியத்தில் அது கிடையாது, பழையதைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

பொங்கோலிலிருந்து: வீவக வீட்டில் பத்து கணினி. முழு டெபியன் மிரர் வைக்கலாமா?

வேண்டாம். பல டெராபைட் டிஸ்க்குக்கு வெள்ளியைக் கொட்டி, இறக்குவதில் பெரும்பகுதியைத் தொடவே மாட்டீர்கள். 'ஆப்ட்-கேச்சர்-என்ஜி' போடுங்கள், கேட்டதை மட்டும் ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளும். போர்ட் 3142. முடிந்தது கதை.

அங் மோ கியோவிலிருந்து: ஆர்சிங்க் மறையாக்கம் இல்லாமல்தானே ஓடுகிறது? யாராவது நடுவில் கோப்பை மாற்றினால்?

மாற்றினால் ஜிபிஜி (டிஜிட்டல்) கையொப்பம் பொருந்தாது, ஆப்ட் மறுத்துவிடும். மிரரை நம்பாமலே வேலை நடக்கும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். உங்கள் கவலை வேறு பக்கம் போகட்டும். 873ஆம் போர்ட்டைத் திறந்து நீங்களே ஆர்சிங்க் சேவை தருகிறீர்களா? 2025 ஜனவரியில் ஆர்சிங்க் சர்வரில் பெரிய ஓட்டை வெளியானது. கடவுச்சொல் இல்லாமல் படிக்க மட்டும் அனுமதி இருந்தாலே போதும், வெளியாள் உங்கள் சர்வரில் தன் நிரலை ஓட்டலாம் என்ற அளவுக்கு. 3.4.0 பதிப்பில் அடைத்தார்கள். பல டிஸ்ட்ரோக்கள் பதிப்பு எண்ணை மாற்றாமலே திருத்தத்தைச் சேர்த்திருக்கும். அதனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் பேக்கேஜின் சேஞ்ச்லாகில் (மாற்றக் குறிப்பில்) அந்த ஓட்டையின் அடையாள எண் சிவிஇ-2024-12084 இருக்கிறதா என்று தேடுங்கள்.