பேனாவால் எழுதினால் 'பை'யா, 'வித்'தா?

கேள்வி: எங்கள் அலுவலகக் கடிதம் ஒன்றில், விண்ணப்பம் கறுப்புப் பேனாவால் எழுதப்பட்டது என்பதை 'ரிட்டன் பை எ பிளாக் பென்' என்று எழுதியிருந்தேன். மேலாளர் 'பை'யை அடித்துவிட்டு 'வித்' என்று திருத்தினார். 'ஆல்' என்றால் 'பை' என்றுதானே பள்ளியில் படித்தோம்?
– தஞ்சாவூர் வாசகி

பதில்: திருத்தம் சரியானதே. உங்களைத் தடுமாற வைத்தது நம்முடைய 'ஆல்' உருபுதான். 'ஆல்', 'ஓடு' முதலிய உருபுகளைக் கொண்ட மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா (செய்பவர்), உடனிகழ்ச்சி (உடன் இருப்பது) என மூன்று பொருள்களை நன்னூல் கூறுகிறது. இவற்றுள் கருவிக்கும் கருத்தாவுக்கும் இன்று நாம் 'ஆல்' உருபையே இடுகிறோம். உளியால் செதுக்கினான் என்றாலும், சிற்பியால் செதுக்கப்பட்டது என்றாலும் உருபு ஒன்றே. உடனிகழ்ச்சிக்குத்தான் 'ஓடு' வருகிறது. ஆங்கிலமோ இந்தப் பாகப்பிரிவினையை வேறு விதமாகச் செய்துகொண்டு, கருத்தாவை 'பை'யிடம் கொடுத்துவிட்டுக் கருவியையும் உடனிகழ்ச்சியையும் 'வித்'தின் பங்கில் சேர்த்துவிட்டது. எனவே சிற்பிக்கு 'பை', உளிக்கு 'வித்', சிற்பியோடு வந்த மகனுக்கும் 'வித்'.

கல்லால் சன்னல் உடைந்தது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'புரோக்கன் வித் எ ஸ்டோன்' என்றால், சொல்லப்படாவிட்டாலும் அந்தக் கல்லை எடுத்து அடித்த கை ஒன்று வாக்கியத்துக்குப் பின்னால் இருக்கிறது. 'புரோக்கன் பை எ ஸ்டோன்' என்றால், மலைச்சரிவிலிருந்து தானாக உருண்டு வந்த கல்லாகவும் அது இருக்கலாம். புயலும் வெள்ளமும் யாருடைய கையிலும் இல்லாதவை என்பதால் அவற்றுக்கு எப்போதும் 'பை'தான். தமிழில் இவை எல்லாவற்றுக்கும் 'ஆல்' போதும். எறிந்தவர் யார் என்று விசாரிக்கும் வேலையை அது நமக்கே விட்டுவிடுகிறது.

கையால் எழுதியதை மட்டும் 'பை ஹேண்ட்' என்கிறார்களே என்று அடுத்துக் கேட்பீர்கள். அங்கே கை கருவியாக எண்ணப்படுவதில்லை. தட்டச்சு செய்யாமல் எழுதிய முறையைத்தான் அத்தொடர் குறிக்கிறது. ஆகவேதான் 'ஹேண்ட்' என்பதற்கு முன் 'எ', 'த', 'மை' எதுவும் வருவதில்லை. இடக்கையால் எழுதினேன் என்று குறிப்பிட்ட ஒரு கையைச் சுட்டிவிட்டால், உடனே 'வித் மை லெஃப்ட் ஹேண்ட்' ஆகிவிடும். 'பை பஸ்' என்பதும் இந்த வகையே.

கேள்வி: உடன் இருப்பதைக் குறிக்கும் 'வித்', 'ஃபைட் வித்' என்னும்போது மட்டும் எதிர்ப்பைக் குறிப்பது ஏன்?
– மதுரை வாசகர்

பதில்: எதிர்ப்புத்தான் அச்சொல்லின் பழைய பொருள். பழைய ஆங்கிலத்தில் 'வித்' என்பது பெரும்பாலும் 'எதிராக' என்றே பொருள்பட்டது. எதிர்த்து நிற்பதைக் குறிக்கும் 'வித்ஸ்டாண்ட்' என்ற சொல்லில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அக்காலத்தில் 'உடன்' என்பதற்கு இருந்த வேறு சொல் 'மிட்'. ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல் இன்றும் வழங்குகிறது. ஆங்கிலத்திலோ பேறுகாலத்தில் தாயின் உடனிருக்கும் 'மிட்வைஃப்' போன்ற ஓரிரு சொற்களில்தான் அது மிஞ்சியிருக்கிறது. நாமும் பக்கத்து வீட்டுக்காரரோடு கோயிலுக்குப் போகிறோம், அதே பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டையும் போடுகிறோம். இந்த இடத்தில் மட்டும் 'ஓடு' என்பதற்கு 'வித்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.